சாயத்திற்காக வளர்த்த கள்ளி

திருத்தணி மலைக்குப் படியேறிச் சென்றவர்களாயின், அவ்வூரைச் சுற்றியுள்ள வறண்ட கரடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். இத்தகைய நிலங்களின் வேலியோரங்களில், தட்டையான மட்டைகளும் கருஞ்சிவப்புப் பழங்களுமாக நிற்பது சப்பாத்திக்கள்ளி. நாகதாளி என்றும் கூறுவர், தெலுங்கில் நாகஜெமுடு. பெயர்கள் நம்முடையவை, செடியின் தாயகமோ அமெரிக்கா. அதனை நம் நாட்டில் போற்றி வளர்த்த காலமும் உண்டு, அழிக்க அரும்பாடுபட்ட காலமும் உண்டு.

மெக்சிகோவில் இவ்வினக் கள்ளிகளின் மீது வாழும் கோச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுத்தனர். ஸ்பானியரின் கையில் இருந்த இவ்வணிகத்தில் பங்கு பெறக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் இம்முயற்சியில் இறங்கி, சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டு வந்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று, அதன் உறவினமே. சாயத் தொழில் தோற்றது. அப்பூச்சியோ, ஒருவகைக் கள்ளியை அடியோடு தின்று அழித்தது! இதைக் கண்ட பின், களையை ஒழிக்கவென்றே அதனை 1836–38-இல் தென்னிந்தியாவிலும், 1860-களில் இலங்கையிலும் பரப்பினர். களையைப் பூச்சியால் வென்ற உலகின் முதல் நிகழ்ச்சிகள் இவை.

இன்னொரு வகைக் கள்ளியை அப்பூச்சி தீண்டவில்லை. அதுவே பின்னர் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்கள் இக்கள்ளிப் பழத்தையும் தின்றனர். 1926-இல் இலங்கை வழியாக வேறொரு கோச்சினீல் பூச்சி தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் கள்ளி மடிந்தது.

இன்று இக்கதையை நினைவூட்டக் காரணம் உண்டு. வறண்ட நிலத்தில் பழத்துக்கும் தீவனத்துக்கும் முள்ளில்லாக் கள்ளியைப் பயிரிடும் ஆய்வுகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. இதற்கு அறிவியல் ஆதாரம் வலுவானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. வெப்பத்தால் நீரும் ஆவியாகி வெளியேறும். கள்ளியோ குளிர்ந்த இரவில் துளைகளைத் திறக்கிறது. ஆகவே, மிகக் குறைந்த நீரில் வளர்கிறது.

விதையிலிருந்து வளர்க்கலாமா? பழத்தை உண்டவர்கள் விதையின் கடினத்தைப் பல்லால் அறிந்திருப்பீர்கள். அந்தக் கெட்டியான உறை முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது. உறையைச் சிறிது உராய்ந்து, ஈர மணலில் வெதுவெதுப்பாக வைத்தால் முளைப்பு மேம்படும். எனினும் எல்லா விதைகளும் ஒருசேர முளைப்பதில்லை. நாற்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். முள்ளில்லாத் தாயின் விதையில் முள்ளுள்ள பிள்ளையும் தோன்றலாம். மட்டையை வெட்டி, சில நாள் நிழலில் காயவிட்டு நட்டால் தாயின் குணம் மாறாது; விரைவிலும் காய்க்கும். எனவே புதிய வகைகளை உருவாக்க விதை, சாகுபடிக்கு மட்டை என்பதே முறை.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பறவை தின்னும் பழத்தின் விதை வேலி தாண்டும். மேலும், 1926-இல் நமக்கு உதவிய அதே இனப் பூச்சி, 2014 முதல் மொராக்கோ நாட்டுக் கள்ளித் தோட்டங்களைப் பாழாக்கி வருகிறது. நேற்றைய நண்பன் பயிர்க்காரனுக்குப் பகையாகலாம். ஒரு செடியைப் புதிதாக நடுமுன் அதன் பயனை மட்டும் கணக்கிட்டால் போதாது. அதனை அடக்குவது எது, அழிப்பது எது என்றும் கேட்க வேண்டும். ஆண்டர்சன் காலத்தில் கேட்கப்படாத இக்கேள்வியை நாம் கேட்போமாக.