பன்மைக் கருதுகோள் சோதனை

தொடர்புள்ள பல கருதுகோள்களை ஒருசேரச் சோதிக்கும்போது, தற்செயலால் எழும் தவறான முடிவுகளைக் கட்டுக்குள் வைக்க உதவும் புள்ளியியல் முறைகள். ஒரு சோதனையில் 5% பிழைக்கு இடமளித்தால், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும், ஒன்றிலாவது வேறுபாடு இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 64%.

வரலாறு: மொத்தப் பிழையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கிடும் எளிய வழி, இத்தாலியரான போன்ஃபெரோனி 1936இல் எழுதிய சமனின்மைகளிலிருந்து வந்தது. 1953 இத்துறைக்குத் திருப்புமுனை. டூக்கி, ஷெஃபே ஆகியோரின் முறைகள் வெளிவந்த அதே ஆண்டில், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி அமெரிக்காவின் வட கரோலினாவுக்குச் சென்ற எஸ். என். ராய், சேர்ப்பு–வெட்டு நெறியை முன்வைத்தார். சிக்கலான கருதுகோளை எளிய உட்கருதுகோள்களாகப் பிரித்து, எல்லாம் தேறினால் மட்டுமே முழுமையை ஏற்பது இந்நெறி. அவரும் ஆர். சி. போஸும் சேர்ந்து, பல அளவுருக்களுக்கு ஒரே நேரத்தில் நம்பிக்கை இடைவெளி அமைக்கும் முறையையும் அவ்வாண்டே வெளியிட்டனர்.

1979இல் ஹோம், பி-மதிப்புகளை (உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இந்த அளவோ அதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்புகளை) ஏறுவரிசையில் அடுக்கிப் படிப்படியாகச் சோதித்து, போன்ஃபெரோனி முறையின் கடுமையைத் தளர்த்தினார். 1995இல் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் கேள்வியையே மாற்றினர்: ஒரு தவறும் நேரக்கூடாது என்பதற்குப் பதில், கண்டுபிடித்தவற்றுள் பொய்யானவை சராசரியாக எத்தனை விழுக்காடு என்பதைக் கட்டுப்படுத்தினர். ஒரே ஆய்வில் ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சோதிக்கும் துறைகளில் இம்முறை பரவியது.

ஆலைகளில்: உற்பத்தி அளவுகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று புள்ளிகளாகக் குறித்துப் பார்க்க ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடமும் மீண்டும் மீண்டும் நிகழும் ஒரு சோதனையே. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் 1947–48இல் இந்தியா வந்தார். புள்ளியியல் தரக்கட்டுப்பாடு இங்கே வேரூன்ற அது துணைசெய்தது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் தொழிற்பகுதியில் இம்மரபின் பயன் தெரிகிறது. அங்கு ஆலை கொண்ட டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல் தரமேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது.

உதிரிபாகம் ஒன்றின் ஓர் அளவை மட்டும் மூன்று சிக்மா (திட்டவிலக்க) எல்லைகளுடன் கண்காணித்தால், இயந்திரம் சீராக ஓடும்போதும் சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒருமுறை பொய் எச்சரிக்கை எழும். ஒன்றையொன்று சாராத 20 அளவுகளைக் கண்காணித்தால், சராசரியாக 19 சுற்றுகளுக்கு ஒருமுறை எழும். 1956இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனக் கையேடு தந்த நான்கு எச்சரிக்கை விதிகளையும் சேர்த்தால், ஒரே வரைபடத்தில்கூட அது ஏறத்தாழ 92 புள்ளிகளுக்கு ஒருமுறையாகிவிடும். அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், அவற்றை ஒரே எண்ணாகத் திரட்டும் ஹோட்டலிங்கின் டி-வர்க்க வரைபடம் பயன்படுகிறது.

தேர்வு: எச்சரிக்கைகளைக் குறைக்க எல்லையை அகலப்படுத்தினால் உண்மைக் குறையும் தப்பிவிடலாம். எனவே வீணாக உற்பத்தி வரிசையை நிறுத்துவதன் செலவு, குறையுள்ள பாகம் வெளியேறுவதன் விளைவு ஆகிய இரண்டையும் எடைபோட்டே முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது.