மணி அடிக்கிறது என்னும் செய்தி: இணையத் தொலைபேசியில் இடைக்காலப் பதில்கள்

நல்லம்பள்ளியிலிருந்து பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனை அழைக்கும் தாய்க்கு, பேச்சு தொடங்குமுன் காதில் விழும் மணியோசைதான் முதல் தகவல். அழைப்பு 4ஜி வலையமைப்பின் குரல் சேவையான வோல்ட்இ வழியே சென்றால், அந்த ஓசைக்குப் பின்னால் இருப்பது, அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி நெறிமுறையின் 180 என்ற எண்ணுடைய இடைக்காலப் பதில், அதாவது முடிவு தெரியுமுன் வரும் பதில். அந்தப் பதிலுக்கு உரிய மதிப்பு வெகு தாமதமாகவே கிடைத்தது என்பது என் கருத்து.

ஹேன்ட்லி, ஷுல்ஸ்ரின், ஸ்கூலர், ரோசன்பர்க் ஆகிய நால்வர் எழுதிய முதல் எஸ்ஐபி தரம் 1999 மார்ச்சில் வந்தது. எடுத்தாரா, மறுத்தாரா என்ற இறுதிப் பதிலுக்கே அதில் முழுப் பாதுகாப்பு. 'முயல்கிறேன்' எனும் 100, 'மணி அடிக்கிறது' எனும் 180 போன்றவை வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். கணினிகளுக்கிடையே இது பெரிய குறையாக இல்லை. பழைய தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் நுழைவாயில்களுக்கோ இது பொறுக்கவில்லை. 180 தொலைந்தால் அழைத்தவர் காதில் வெறும் அமைதிதான்.

2002 ஜூனில் திருத்திய தரமும் (ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தர ஆவண வரிசையில் 3261), துணைத் தரமான 3262-உம் ஒன்றாக வெளிவந்தன. துணைத் தரத்தின்படி இடைக்காலப் பதிலுக்கு வரிசை எண் உண்டு. பெற்றவர் 'பிராக்' என்ற ஒப்புகை அனுப்பும்வரை அது அரை நொடியில் தொடங்கி இடைவெளியை இரட்டித்தபடி மீண்டும் அனுப்பப்படும். ஆனால் இதை விருப்பத் தேர்வாக விட்டார்கள். வோல்ட்இ போன்ற சேவைகளில்தான் இதன் பயன் முழுமையாகத் தெரிந்தது: குரலுக்கான வழியை முதலில் ஒதுக்கி, பிறகே மணி அடிக்கச் செய்ய முடிந்தது.

மறுமுனை உயிரோடிருக்கிறதா என்ற சோதனையின் கதை வேறு. 'ஆப்ஷன்ஸ்' என்ற கோரிக்கை, மறுமுனைக்கு என்னென்ன இயலும் என்று கேட்கவே உருவானது. நிர்வாகிகள் அதைக் குறித்த இடைவெளியில் அனுப்பி, பதில் வந்தால் இணைப்பு இருக்கிறது என்று கொண்டார்கள். மறுப்பாக வரும் பதில்கூட மறுமுனை விழித்திருப்பதற்குப் பெரும்பாலும் சான்றே. இத்தகைய கோரிக்கைகளுக்கு 100 தவிர வேறு இடைக்காலப் பதில் கூடாது என்றும், சேர்வதற்கு உத்தரவாதம் தராத யுடிபி வழியே 100-ஐயும் அவசரமாக அனுப்பக் கூடாது என்றும் 2006-இல் 4320-ஆம் தரம் விதித்தது. முகவரி மாற்றும் ரவுட்டருக்குப் பின்னுள்ள கருவிகளின் வழி அடைபடாமல் காக்க, 2009-இல் 5626-ஆம் தரம் வெற்று வரிகளையே உயிர்த்துடிப்பாக அனுப்பும் முறையைத் தந்தது. 2018-இல் பிஎஸ்என்எல் தொடங்கிய 'விங்ஸ்' போன்ற, கைபேசியில் செயலியாக இயங்கும் சேவைகளுக்கு இத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது.

இந்தியாவில் அந்த மணியோசைக்கு விலையே வந்தது. பிற நிறுவனத்தின் சந்தாதாரருக்கு அழைப்பு சென்று சேர்ந்தால் நிமிடத்துக்கு 6 பைசா முடிப்புக் கட்டணம் தர வேண்டியிருந்த காலம் அது. ஜியோ மணி அடிக்கும் நேரத்தை 20 வினாடியாகக் குறைத்தது. இதனால் மிஸ்டு கால்கள் பெருகி, திருப்பி அழைப்பவரின் நிறுவனம் பணம் செலுத்த நேர்கிறது என்று போட்டி நிறுவனங்கள் குற்றம் சாட்டின, ஜியோ மறுத்தது. ஏர்டெல்லும் 25 வினாடிக்கு இறங்கியது. வயலில் நிற்பவர் கரையில் வைத்த கைபேசியை எட்டி எடுக்க அது போதாது. 2019 நவம்பர் 1 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், யாரும் எடுக்காத அழைப்புக்குக் கைபேசியில் 30 வினாடி, தரைவழித் தொலைபேசியில் 60 வினாடி மணி அடிக்க வேண்டும் என்று விதித்தது. முடிப்புக் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் இல்லாமலானது.