சில்லு பூட்டிய வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது நம்மவர் வாக்கு. வீட்டைக் கட்டி, அதற்கு நான்கு சில்லும் பூட்டி, முன்னால் ஒரு குதிரையையும் கட்டிப்பார் என்று எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. அப்படியும் ஒரு வீடு கட்டலாம் என்று சென்ற ஆண்டு எனக்கு எழுதினான் என்னுடைய பழைய மாணவன் ஒருவன். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். நன்னூலைவிட உளியிலே கை தேர்ந்தவன். இப்போது வட இங்கிலாந்திலே தச்சுவேலை செய்கிறான்.

அவனுடைய அயலில் ஒரு முதியவர். தாய்வழியில் ரோமானி இனத்தவர். நாம் ஜிப்சிகள் என்று சொல்லிப் பழகிய மக்கள். பண்ணை ஒன்றின் மூலையில் உக்கிக் கிடந்த தட்டை வண்டில் ஒன்றை வாங்கி, அதன்மேல் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். இடித்த வீடொன்றின் தரைப்பலகைகள் சுவராகின்றன. பழைய பாடசாலைக் கட்டடம் ஒன்றின் கதவு பாதியாக அறுக்கப்பட்டு வாசலாகிறது. வெறும் எரிவாயு உருளையை வெட்டி அடுப்புச் செய்கிறார். மாலை நேரங்களில் என் மாணவன் போய்க் கைகொடுக்கிறான். கைத்தொலைபேசியிலே படங்கள் அனுப்பிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டிருந்தான்: “சேர், இது இந்தச் சனத்தின்ரை பழைய மரபோ, அல்லது காசில்லாமல் செய்யிற வேலையோ?”

கேள்வி சிறியது. பதிலைத் தேடப் போய் நான் பல மாதங்கள் அலைந்துவிட்டேன். நேயர்களோடு இன்று பகிர்ந்துகொள்வது அந்த அலைச்சலின் பயனைத்தான்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஜிப்சி என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் ‘குறவர்’ என்று மொழிபெயர்த்துவிடுவது நமது வழக்கம். குறவஞ்சி படித்த பழக்கதோஷம் என்றும் சொல்லலாம். கைரேகை பார்ப்பதும் குறி சொல்வதும் இரு சாராருக்கும் பொதுவாய் இருப்பதால் வந்த மயக்கம் இது. அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர்களையும், சிங்களத்தில் அஹிகுண்டிக எனப்படுவோரையும் நமது ஆங்கிலப் பத்திரிகைகள் ஜிப்சி என்றே எழுதும். அவர்களது வீட்டுமொழி தெலுங்கு, திராவிட மொழி. ரோமானி மொழியோ வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. காதுக்கு ரோமானியில் ‘கான்’, சிங்களத்தில் ‘கன’. தண்ணீருக்குப் ‘பானி’. இந்த உறவை 1780களிலேயே ஜெர்மனிய மொழியறிஞர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் எண்ணியதால், ‘எஜிப்சியன்’ என்ற சொல் தேய்ந்து ‘ஜிப்சி’ ஆயிற்று.

அவர்களுடைய வீட்டு வண்டிலுக்குப் பெயர் ‘வார்டோ’. தமிழ் ஆசிரியன் ஒருவனுக்கு இச்சொல்லைக் கேட்டதும் நாக்கு ஊறும். வண்டி, வண்டில், வார்டோ என்று அடுக்கி ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்று நானும் ஓரிரவு எண்ணினேன். நல்லவேளை, அடுத்த நாள் அகராதியைப் பார்த்தேன். அச்சொல் இந்தியாவிலிருந்து வந்ததே அல்ல. கோக்கஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஒஸெட்டிய மொழி போன்ற ஈரானியக் கிளைமொழிகளில் வண்டிலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பாதைக்கு அவர்கள் சொல்லும் ‘த்ரோம்’ கிரேக்கச் சொல். எண்களைப் பாருங்கள்: ஒன்று முதல் ஆறு வரை இந்திய எண்கள், ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கம். வந்த வழியில் எது கைக்கு உதவியதோ அதை எடுத்துப் பூட்டிக்கொண்டு வந்த மொழி இது. அந்த முதியவர் வண்டில் கட்டும் முறையும் இதுதானே என்று எனக்குப் பட்டது.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரோமானியர் ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்தமைக்குப் பதிவுகள் உண்டு. 1530இல் அவர்களை நாட்டை விட்டு வெளியேற்றச் சட்டம் வந்தது. 1554இல் வந்த சட்டம், வெளியேறாது தங்கினால் மரணதண்டனை என்றது. இப்படியிருந்த காலத்தில் வர்ணம் பூசிய வண்டிலில் எவன் ஊர்வலம் போவான்? கால்நடையாகவும், பொதி சுமக்கும் கழுதை, குதிரைகளோடும், பின்னர் சிறு வண்டில்களோடும் திரிந்தார்கள். இரவில் கூடாரம். ஹேசல் என்னும் மரத்தின் மெல்லிய கொம்புகளை நிலத்தில் குத்தி, வளைத்துக் கட்டி, மேலே கம்பளிகளைப் போர்த்தினால் வீடு ஆயிற்று. விடிந்தால் அது சுருட்டி ஏற்றப்படும். ஏறத்தாழ 300 ஆண்டுகள் இப்படித்தான் கழிந்தன.

வீட்டு வண்டில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதையும் அவர்கள் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஊரூராய்ச் சென்று வேடிக்கை காட்டும் கண்காட்சிக்காரரும் சர்க்கஸ்காரருமே முதலில் இத்தகைய வண்டில்களை வைத்திருந்தார்கள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1840இல் எழுதத் தொடங்கிய ‘பழம்பொருட் கடை’ நாவலில், மெழுகுப் பொம்மைகள் காட்டித் திரியும் ஜார்லி அம்மையாரின் வண்டில் வீட்டை வாசகர்கள் நினைவுகூரலாம். மக்கடம் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளரின் முறைப்படி கல் பரப்பிய வீதிகள் பெருகிய பின்னரே, இவ்வளவு பாரத்தைச் சேற்றில் புதையாமல் குதிரையால் இழுக்க முடிந்தது.

ரோமானியக் குடும்பங்கள் இந்த வண்டில்களைத் தமதாக்கிக்கொண்டது ஏறக்குறைய 1850ஐ ஒட்டித்தான். செய்தவர்களும் பெரும்பாலும் வேற்றினத்துத் தச்சர்கள். றெடிங் நகரில் டண்டன் குடும்பத்தார் செய்தவை மிகப் புகழ்பெற்றவை. லீட்ஸ் நகருக்கு அண்மையில் பில் ரைட் என்பவர் வளைந்த கூரை கொண்ட வண்டில்களுக்குப் பெயர் பெற்றார். ஆக, ஜிப்சி என்றதும் நம் கண்முன் நிற்கும் அந்தப் பொன்வர்ண வண்டில், ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் பிந்திய ஒன்றரை நூற்றாண்டுக்கே உரியது.

வேலைப்பாட்டைச் சற்றுச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில்லின் குடம் எல்ம் மரம், எளிதில் பிளவாது. ஆரக்கால் ஓக், பாரம் தாங்கும். வட்டை ஆஷ், அதிர்ச்சியை ஏற்று நெகிழும். நமது மாட்டுவண்டில் தச்சரும் ஒரே மரத்தில் முழுச் சில்லையும் செய்வதில்லை. முன்சில்லுகள் சிறியவை, பின்சில்லுகள் பெரியவை. திரும்பும்போது முன்சில்லு உடலின் கீழே நுழைய வேண்டுமல்லவா? மரச்சட்டங்களின் விளிம்பெல்லாம் செதுக்கியும் சரித்தும் இருக்கும். பார்ப்பவர் அலங்காரம் என்பர். உறுதி குறையாமல் மரத்தின் பாரத்தைக் குறைக்கும் உபாயமும் அதுதான். இழுக்கும் குதிரைக்கு ஒவ்வொரு இறாத்தலும் கணக்கு. வாசல் முன்பக்கம். உள்ளே நுழைந்தால் இடக்கைப் பக்கம் அடுப்பு. இங்கிலாந்தில் வாகனங்கள் நம்மூர் போலவே வீதியின் இடப்பக்கமாய்ச் செல்வதால், அந்தப் புகைபோக்கி வீதியின் நடுவை நோக்கியிருக்கும். வேலியோரத்து மரக்கிளைகளில் இடிபடாது. பின்பக்கம் குறுக்கே கட்டில். அதன் கீழே பிள்ளைகளுக்கு இன்னொரு படுக்கை.

முகம் கழுவ ஒரு பாத்திரம், சமையற் பொருள் கழுவ ஒன்று, துணி துவைக்க வேறொன்று. மாறினால் துடக்கு. எங்கள் அப்பாச்சி அந்த வண்டிலில் ஏறியிருந்தால் ஒரு குறையும் கண்டிருக்க மாட்டா.

புதிய றெடிங் வண்டில் வாங்க எல்லோரிடமும் பணம் இருந்ததா? இல்லை. அங்கேதான் மாணவன் கேட்ட கேள்வியின் மறுபாதி வருகிறது. வியாபாரிகள் கழித்துவிட்ட தட்டை வண்டிலை வாங்கி, வளைந்த மரச் சட்டங்களை அதன்மேல் நாட்டி, உள்ளே துணியும் நடுவே கம்பளியும் வெளியே பச்சைப் படங்கும் போர்த்திக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் பரவிய ஒரு வகைக்கு முன்சுவரே கிடையாது. கதவுக்குப் பதில் திரைச்சீலை. நேயர்களே, இந்த வளைந்த சட்டமும் போர்வையும் எதை நினைவூட்டுகின்றன? நிலத்தில் குத்திய அந்தப் பழைய ஹேசல் கொம்புக் கூடாரம் அப்படியே எழுந்து வண்டிலில் ஏறிக் குந்திவிட்டது. பணக்கார வண்டிலைத் தச்சன் செய்தான். ஏழையின் வண்டிலில்தான் பாட்டன் பூட்டனின் கூடாரம் உயிரோடு இருந்தது. “தம்பி, நீ இரண்டாகப் பிரித்துக் கேட்டது ஒன்றேதான்” என்று அவனுக்குப் பதில் எழுதினேன்.

பழைய வண்டில்கள் அதிகம் எஞ்சவில்லை. உடையவர் இறந்தால் அவரது வண்டிலையும் உடைமைகளையும் எரித்துவிடுவது பல குடும்பங்களின் வழக்கம். நூதனசாலைக்காரருக்கு இது துயரமான செய்தி. பிள்ளைகள் சொத்துக்கு வழக்காடும் நம்மூரை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி, வண்டிலை எங்கே நிறுத்துவது? வரலாற்றின் கசப்பான பக்கம் இது. 1835ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வீதியோரத்தில் தங்கும் ஜிப்சிக்கு 40 ஷில்லிங் வரை தண்டம் விதித்தது; இனத்தின் பெயரைச் சொல்லியே விதித்தது. அதே நூற்றாண்டில் 1885இல், கடற்படை மருத்துவராயிருந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற எழுத்தாளர், தம் ஊரருகே கண்ட ஜிப்சி வண்டிலில் ஆசைகொண்டு, பிறிஸ்டல் நகரத் தொழிற்சாலையில் உயர்ந்த மரங்களால் சுமார் 2 தொன் எடையுள்ள ஒன்றைச் செய்வித்தார். ‘வாண்டரர்’ எனப் பெயரும் சூட்டினார். இரண்டு குதிரைகள், ஒரு வண்டிலோட்டி. மூன்றுசில்லுச் சைக்கிளில் முன்னே செல்ல ஒரு வேலையாள். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்று புத்தகமும் எழுதினார். 1907இல் இத்தகைய கனவான்கள் கூடிக் கழகமும் அமைத்துக்கொண்டார்கள். கனவான் சென்றால் உல்லாசப் பயணம்; ரோமானியன் சென்றால் நாடோடித்தனம்.

1968இல் உள்ளூராட்சி மன்றங்கள் ரோமானியருக்குத் தங்குமிடம் அமைத்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. 1994இல் அந்தக் கடப்பாடு நீக்கப்பட்டது. இடையில் 1985 ஜூன் 1ஆம் திகதி, பழைய பஸ்களையும் அம்புலன்ஸ்களையும் தாமே வீடாக மாற்றிக்கொண்டு ஸ்டோன்ஹெஞ் விழாவுக்குச் சென்ற பயணிகளைப் பொலிஸார் மறித்தார்கள். இவர்களிற் பெரும்பாலோர் ரோமானியரல்லர். அந்த வாழ்க்கையை விரும்பி ஏற்ற இளைஞர்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். வாகனங்களின் கண்ணாடிகள் உள்ளே பிள்ளைகள் இருக்க நொறுக்கப்பட்டன. அவை வெறும் வாகனக் கண்ணாடிகள் அல்ல, வீட்டு யன்னல்கள். 2022இல் வந்த சட்டமோ, அனுமதியின்றி நிறுத்தி வெளியேற மறுத்தால் அவ்வாகனத்தையே பறிமுதல் செய்யலாம் என்றது. 2024இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரு பகுதி மனித உரிமைக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு கதவு நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினைந்து வயது. ஐயா மாட்டுவண்டிலில் எட்டுத் தகரங்களை ஏற்றினார். பிறகு முன்கதவைக் கழற்றி மேலே வைத்துக் கட்டினார். “கதவை ஏன் ஐயா?” என்றேன். பதில் சொல்லவில்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணியில் இறங்கியதும் இரண்டு கம்பு நாட்டி முதலில் கதவைப் பூட்டினார். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கதவு மட்டும் நின்றது. அம்மா அதைத் திறந்துகொண்டுதான் உள்ளே வந்தா. பின்னாளில், 2008இலும் 2009இலும், வன்னி வீதிகளில் தகரமும் நிலையும் ஏற்றிய உழவு இயந்திரங்களைக் கண்டவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை. நாங்கள் ரோமானியரல்லோம். எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு காணி இருந்தது, போய்ச் சேர்ந்தோம். ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் அந்த முதியவர் பாடசாலைக் கதவை அறுத்துப் பொருத்தும் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வோராண்டும் ஜூன் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் அப்பிள்பி என்ற சிறுநகரில் ரோமானியரின் பெரிய குதிரைச் சந்தை கூடும். ஈடன் ஆற்றில் குதிரைகளை இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். வளைந்த கூரை வண்டில்கள் வரிசையாய் வந்து நிற்கும். முதியவருக்கு அங்கே தம் வண்டிலில் போய்ச் சேரவேண்டுமென்பது ஆசை. போவதற்குப் பத்து நாட்கள் ஆகும் என்கிறார். சில்லுகளுக்கு மஞ்சள் வர்ணம் பூசியாயிற்று என்றும், குதிரையும் பேசிவிட்டார் என்றும், வழியில் ஒன்பது இரவுகளில் ஆறுக்கு மட்டும் நிறுத்த இடம் கேட்டு வாங்கியிருக்கிறார் என்றும் சென்ற மாதம் மாணவன் எழுதியிருந்தான். மற்ற மூன்றையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.