வானும் மண்ணும் ஒருங்கு தோன்றிய வரலாறு

மனிதக் கண்ணுக்கும் ஒளிப்படக் கருவிக்கும் உள்ள வேற்றுமைகளுள் தலையாயது ஒளியை ஏற்கும் ஆற்றலாகும். வடமராட்சிக் கீழ்க்கரையின் மணற்காட்டில் நண்பகலில் நிற்பவன் வெண்மணற் குன்றுகளையும் பனையடி நிழலையும் ஒருசேரக் காண்பான். கருவியோ மணலுக்கு அளவிட்டால் நிழலை இருளாக்கும். நிழலுக்கு அளவிட்டால் மணலையும் வானையும் வெறும் வெண்மையாக்கும். இக்குறையை நீக்க முயன்ற வரலாறே கறுப்பு வெள்ளை நிலக்காட்சிப் படக்கலை வரலாற்றிற் பெரும்பகுதி எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய கொலோடியன் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. அதனால் நிலம் தெளிவாகப் பதியுமுன் வானம் வெளுத்துப்போயிற்று. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே இதற்கோர் உபாயம் கண்டார். கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்மறைப் படங்களை எடுத்து, தொடுவானத்தில் இணைத்து ஒரே தாளிற் பதித்தார். 1856, 1857ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கடற்காட்சிகள் ஐரோப்பாவை வியக்கச் செய்தன.

அக்காலத்திலேயே தமிழகமும் இம்முயற்சியின் களமாயிற்று. சென்னை அரசின் ஒளிப்படப் பிடிப்பாளரான லினேயஸ் திறைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக ஒட்டிச் சேர்த்தார். வெளுத்த வானத்தில் முகில் தோன்றுதற்பொருட்டு எதிர்மறைப் படங்கள் சிலவற்றில் வண்ணமும் தீட்டினார். 1859இல் ஆளுநராக வந்த சேர் சாள்ஸ் திறெவெலியன் இப்பணியை வீண் ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார்.

இலங்கையில் லயனல் வென்ற் (1900–1944) படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்க்கும் இருட்டறை நுட்பங்களைக் கையாண்டார். அமெரிக்க நாட்டு அன்சல் அடம்ஸ், பிரெட் ஆச்சருடன் சேர்ந்து 1940ஆம் ஆண்டையொட்டி ஒளியை வலயங்களாக வகுத்தளக்கும் முறையை உருவாக்கினார். 1997இல் போல் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோர், வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் முழு ஒளிவீச்சையும் கணினியால் மீட்கும் வழியை விளக்கினர். அவ்வொளிவீச்சைத் தாள் தாங்காது. ஆதலின் அதைச் சுருக்கியே அச்சிடல் வேண்டும். லெ கிரே கையாற் செய்ததைக் கணினி எண்களாற் செய்கின்றது.

இங்கே வரலாற்று மாணவன் சிந்திக்கத்தக்க வினா ஒன்று எழுகின்றது. இணைத்த படம் உண்மைச் சான்றாகுமா? தஞ்சைக் கல்வெட்டுப் படத்தை ஐயுறுவார் இலர். அதன் ஒவ்வொரு துண்டும் ஒளி எழுதியதே. திறைப் தீட்டிய முகில்களோ 1858இல் அவ்வானில் உலாவியவை அல்ல. எனவே குற்றம் இணைத்தலில் இல்லை. இல்லாததைச் சேர்த்தலிலேயே உள்ளது. பல படங்களை இணைப்பதிலும் இடருண்டு. காற்றில் அசைந்த பனையோலை ஈரிடத்தில் நிழலாய்த் தோன்றும். பல கணங்கள் ஒரு கணம்போல் மயக்கும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வினா வெறும் கலை வினாவன்று. 1981இல் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வென்ற் மறைந்தபின் அவருடைய எதிர்மறைப் படங்களும் அழிக்கப்பட்டன. ஏடுகள் அழிந்த நாட்டில் நிலத்தின் படமே நாளைய ஏடு. ஆகவே இம்மண்ணைப் படமெடுப்போர் அழகிய இணைப்புப் படத்தோடு அமையாது, அதற்கு மூலமான தனிப்படங்களையும், எடுத்த இடம், நாள் பற்றிய குறிப்பையும் பேணுதல் கடன். மூலம் உள்ளவரை இணைப்புக் கலையாகும். மூலம் அழியின் அது வெறுங் கூற்றாய்விடும்.