கணினி சொல்லும் வீட்டு விலையை நம்பலாமா?

வீடு வாங்கப் போகிறவர் இணையத்தில் தெரியும் மதிப்பை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனத்தின் கதையைப் பார்த்தாலே புரியும்.

மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ரிச் பார்ட்டனும் லாயிட் ஃப்ரிங்கும் தொடங்கிய ஜில்லோ தளம் 2006 பிப்ரவரியில் வந்தது. முகவரியைத் தட்டினால் வீட்டின் மதிப்பு இலவசமாகத் தெரியும். 'ஜெஸ்டிமேட்' என்று அதற்குப் பெயர். சொத்து வரிப் பதிவு, வீட்டின் பரப்பளவு, அருகில் விற்ற வீடுகளின் விலை ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு இது. ஒழுகும் கூரை அதற்குத் தெரியாது!

2016-ல் ஜில்லோவின் தலைமை அதிகாரி ஸ்பென்சர் ராஸ்காஃப் தன் சியாட்டில் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். மறுநாள் அவருடைய தளம் காட்டிய மதிப்பு 17.5 லட்சம்!

2018-ல் ஜில்லோ தானே வீடுகளை வாங்கி விற்க ஆரம்பித்தது. விலை எப்படிப் போகும் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. அதிக விலைக்கு வாங்கிய வீடுகளால் 2021-ன் மூன்றாம் காலாண்டில் மட்டும் சுமார் 30 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. அந்த நவம்பரில் தொழிலையே மூடுவதாக அறிவித்தது.

விற்பனைக்கு வந்த வீடுகளில் பிழை சுமார் 2 சதவீதம், மற்றவற்றில் சுமார் 7 என்று ஜில்லோ சொல்கிறது. முதல் எண் ஏன் குறைவு? விற்பவர் கேட்கும் விலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது! மேலும், இவை நடுமதிப்புகள். பாதி வீடுகளில் பிழை இதைவிட அதிகம். 4 லட்சம் டாலர் வீட்டில் 7 சதவீதம் என்றாலே 28,000 டாலர்.

ஆகவே, விலையை விசாரிக்கத் தொடங்க இந்த எண் போதும். பணம் கொடுக்கும் முன் வீட்டை நேரில் பார்த்து மதிப்பிடும் ஆள் கட்டாயம் வேண்டும்.