தளத் தொழிலாளரின் வரவும் மூலத்தில் வரிப் பிடித்தமும்: கடலூர், சிதம்பரம் நகரங்களை முன்னிட்டு ஒரு விசாரணை

கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருக்களிலும், சிதம்பரத்தில் நான்கு தேர்வீதிகளிலிருந்து அண்ணாமலை நகர் மாணவர் விடுதிகள் வரையிலும், முதுகில் சதுரப் பையைச் சுமந்துகொண்டு இருசக்கர வாகனத்தில் உணவும் சில்லறைச் சாமான்களும் கொண்டுசேர்க்கும் இளைஞர்களாகிய தளத் தொழிலாளர், தங்களுக்கு வேலை தரும் செயலி நிறுவனங்களின் ஏட்டில் ஊழியர்கள் அல்லர். 'டெலிவரி பார்ட்னர்' எனப்படும் சுயதொழில் ஒப்பந்தக்காரர்கள். அந்த ஒப்பந்தக்காரர் என்னும் ஸ்தானத்தின் பேரிலேயே, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-சி பிரிவுப்படி (இங்கே வேறு குறிப்பின்றி வரும் பிரிவு, படிவ எண்கள் யாவும் அச்சட்டத்துக்குரியவை), அவர்களுக்குச் சேரும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளப்பட்டு அரசாங்கக் கஜானாவுக்குச் செல்கிறது. தனித்த ஒரு பட்டுவாடா 30,000 ரூபாயைத் தாண்டினாலன்றி இப்பிடித்தம் இல்லை என்பது விதியானாலும், ஆண்டில் மொத்தம் 1 லட்சத்தைக் கடந்தால் அது கட்டாயமாகிவிடுகிறபடியால், வாரச் சம்பாத்தியம் நாலாயிரம் ரூபாயாக உள்ளவரும் ஆறாவது மாதத்தில் அதற்குள் அகப்பட்டுவிடுகிறார். ஒரு சதவீதம் அற்பத் தொகை என்று தள்ளிவிடுவது எளிது. அதை யாரிடமிருந்து, எதன்மீது, எந்த நியாயத்தின் பேரில் வாங்குகிறோம் என்று விசாரிக்கப் புகுந்தாலோ விஷயம் அவ்வளவு அற்பமாக இல்லை.

மூலத்திலேயே வரியைக் கழிக்கும் உபாயம் பழையது. இங்கிலாந்தில் பிரதமர் ஆடிங்டன் 1803இல் அதைக் கையாண்டார். இந்தியாவில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, நேர்முக வரி இந்நாட்டுக்கு ஒவ்வாது என்று சென்னை மாகாண கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன் தம் ஆட்சேபத்தைப் பகிரங்கமாக வெளியிட்டு, அதன் காரணமாகவே பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அன்றைய வரி ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருவாயைத் தொடவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பின்னர் 1886ஆம் ஆண்டுச் சட்டம் மூலப் பிடித்தத்தைச் சம்பளத்துக்கும் கடன்பத்திர வட்டிக்கும் விதித்தது. அவ்விரண்டிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு: கொடுப்பவர் கையிலிருந்து போகும் தொகையும் பெறுபவரின் வருமானமும் ஏறத்தாழ ஒன்றே, நடுவே செலவென்று எதுவும் புகுவதில்லை. ஒப்பந்தக்காரர் பெறும் தொகை அப்படிப்பட்டதன்று. 1972இல் 194-சி பிரிவு சேர்க்கப்பட்டபோது வருமானத்தின்மீது பிடிக்கும் முறை வரவின்மீது பிடிக்கும் முறையாக விரிந்தது; கட்டடக் கான்ட்ராக்டரை மனத்தில் வைத்து இயற்றிய விதி அரை நூற்றாண்டுக்குப் பின் சோற்றுப் பொட்டலம் சுமப்பவர்மேல் வந்து விழுந்தது.

மாதம் 18,000 ரூபாய் வரவுள்ள ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். ஆண்டு வரவு 2,16,000, பிடித்தம் 2,160. பெட்ரோல், டயர், சர்வீஸ், வண்டியின் மாதத் தவணை, கைபேசிக் கட்டணம் ஆகிய யாவும் அவருடைய செலவே. இவற்றுக்குப் பாதி போகிறதென்று வைத்தால் மிஞ்சுவது 1,08,000. புதிய வரி முறையில் வரியற்ற உச்சவரம்பாகிய 4 லட்சத்தில் கால் பங்குக்கும் சற்றே மேல். இந்த உத்தேசக் கணக்கை ஏற்காதவர் சட்டத்தின் சொந்தக் கணக்கையே பார்க்கலாம். சிறு வியாபாரிகளுக்கான 44-ஏடி பிரிவு, வங்கி வழியாகவும் மின்னணு வழியாகவும் வரும் வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும் என்கிறது. அதன்படி நம் உதாரண மனிதரின் லாபம் 12,960 ரூபாய். பிடித்தமோ அதில் ஆறில் ஒரு பங்கு. வரி விகிதங்களின் முதற்படியே 5 சதவீதம்தான் என்றிருக்க, வரியே கட்ட வேண்டாதவரிடம் 16 சதவீதத்துக்கும் மேல் முன்பணமாக வாங்குவதற்கு எந்தச் சித்தாந்தத்தில் சமாதானம் தேடுவது? உண்மை லாபம் 6 சதவீதத்துக்கு மேலிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் இறுதி வரி சூனியமே என்பதுதான் என் வாதம்.

இனி, இதே ஊர்களில் வாழும் வேறு சிலரோடு இவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அநீதி புலப்படுவது அந்த ஒப்பீட்டில்தான். வங்கியில் வைப்புநிதி வைத்திருப்பவர், தம் வருமானம் வரிக்குரிய அளவை எட்டாது என்று 15-ஜி படிவத்தில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கப்படுவதில்லை. அந்தச் சலுகையை வழங்கும் 197-ஏ பிரிவில் 194-சி இடம்பெறவில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றும் லாரி உரிமையாளர், பத்து லாரி வரை வைத்திருந்தாலும், தம் பான் எண்ணைக் கொடுத்துவிட்டால் 194-சி பிரிவின் ஆறாம் உட்பிரிவு அவருக்குப் பிடித்தத்திலிருந்து முழு விலக்கு அளிக்கிறது. ஒற்றை மோட்டார் சைக்கிள்காரருக்கு நடைமுறையில் அந்த விலக்கு இல்லை. பஸ் நிலையத்தருகே செயலியில் சவாரி எடுக்கும் ஆட்டோ ஓட்டுநர், பொதுவாகக் கொள்ளப்படும் வியாக்கியானப்படி, 194-ஓ பிரிவில் வருகிறார். அங்கே ஆண்டு வரவு 5 லட்சம் வரை பிடித்தமே இல்லை, அதற்கு மேலும் 2024 அக்டோபர் முதல் விகிதம் ஒரு சதவீதத்திலிருந்து 0.1 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக, அதே 18,000 ரூபாயை மாதச் சம்பளமாகப் பெறும் குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலாளி 192ஆம் பிரிவின்படி அவருடைய முழு ஆண்டு வருமானத்தையும் மதிப்பிட்டு, 75,000 ரூபாய் நிலைக்கழிவும் தந்து, வரி சூனியமென்று கண்டு, ஒரு காசும் பிடிப்பதில்லை. ஆக, ஊழியர் அல்லர் என்ற ஒரே காரணத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் இழந்தவரிடம் அதே காரணத்தைக் காட்டி வரியும் பிடிக்கப்படுகிறது. உரிமைக்கு ஒரு முகம், கடமைக்கு ஒரு முகம் காட்டும் இந்த வர்க்க பேதத்தை வரிச் சட்டம் தானாக உண்டாக்கவில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அதை ஆட்சேபணையின்றி ஏற்றுக்கொண்டது.

பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், அதற்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரரின் எளிய படிவம் இவருக்குப் பொருந்தாது. தொழில் வருமானத்துக்குரியதே வேண்டும். ஆடிட்டரிடமோ கணினி மையத்திலோ கொடுக்கும் கூலி, திரும்பிவரும் தொகையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். டிசம்பர் 31க்குப் பிறகு தாமதக் கணக்கும் தாக்கல் செய்ய இயலாது. பிற்பாடு திருத்திக் கொடுக்கும் மேம்படுத்திய கணக்கில் ரீஃபண்ட் கோர இடமில்லை. தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு எழுத வேண்டியதுதான். பான் எண் ஆதாருடன் இணையாமல் செயலற்றுப் போயிருந்தால் பிடித்தம் 20 சதவீதம். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத நம் தமிழ்நாட்டில், ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னும் மற்றோர் ஆவணத்தில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னும் அச்சாகி, இரண்டும் ஒத்துப்போகாமல் இணைப்பு தடைபடுவதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு பருவத்தின் கொடுமையும் சேரும்: 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைமீறிக் கடலூரைச் சூழ்ந்தது போன்ற நாட்களில் ஆர்டரும் இல்லை, வரவும் இல்லை, பிடித்தமோ நல்ல வாரங்களைத்தான் அறியும், வெறும் வாரங்களை அறியாது.

எதிர்வாதம் ஒன்று பலமானது, அதை மறைக்கலாகாது. பிடித்தம் இருப்பதனால்தான் இந்த இளைஞரின் வரவு படிவம் 26-ஏஎஸ் என்னும் அரசாங்கப் பதிவில் ஏறுகிறது. சம்பளச் சீட்டு இல்லாத அவருக்கு, வங்கியில் வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கப் போகும்போது வேறு அத்தாட்சி கிடையாது. இந்தப் பிரயோஜனத்தை நான் முற்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பதிவினால் விளையும் பயன்; பணத்தைக் கழிப்பதனால் விளைவதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் சுயதொழில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவோர் கொடுத்த தொகையைத் தகவல் பத்திரமாக வரித்துறைக்கு அனுப்புகிறார்களே தவிரப் பிடிப்பதில்லை; வரி அடையாள எண் தர மறுப்பவரிடம் மட்டும் 24 சதவீதம் பிடிக்கிறார்கள். பிரிட்டனில் கட்டடத் தொழில் உட்ஒப்பந்தக்காரரிடம், பதிவு செய்தவராயின் 20, செய்யாதவராயின் 30 சதவீதம் எனக் கடுமையாகவே பிடிக்கிறார்கள். ஆனால் அவர் வாங்கிய கட்டுமானப் பொருளின் விலையைத் தள்ளிவிட்டு மீதியின்மீதுதான். இலங்கையில் 2023 முதல் சேவைக் கட்டணத்தில் 5 சதவீதம் நிறுத்திவைக்கும் முறை வந்தபோது, மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கட்டணத்துக்கே அது பொருந்துமென்று வகுத்தார்கள். மூன்று நாடுகளும் மூன்று வழியில் எளியவரைக் காக்க முயன்றிருக்கின்றன. நம் 194-சியில் இவருக்கு உதவும்படி அந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

பரிகாரம் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதும் இல்லை. லாரிக்காரருக்கு விலக்கு அளித்த அதே 194-சி, அடுத்த உட்பிரிவில், பணம் கொடுத்தவர் அந்த லாரிக்காரரின் பான் முதலிய விவரங்களை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென்று விதிக்கிறது. பணத்தை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் பெறும் ஏற்பாடு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை, நடைமுறையில் சரக்கு வாகனமாகக் கொள்ளப்படாத இருசக்கர வாகனத்துக்கும் விரிப்பதே செய்ய வேண்டிய திருத்தம். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி இயற்றிய 2025ஆம் ஆண்டுச் சட்டம், பிடித்தப் பிரிவுகளை 393 என்னும் ஒரே பிரிவின் அட்டவணைகளாகத் தொகுத்து, விகிதங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. அட்டவணையில் ஒரு வரியைத் திருத்துவது பழைய சட்டத்தைப் போல் சிரமமானதன்று என்றாவது எதிர்பார்க்கலாம். தமிழ்நாட்டில் தளத் தொழிலாளர்க்கென 2023இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. மத்தியச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ தளங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளருக்குக் கொடுத்ததில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், நலநிதிக்கு வாங்கச் சொல்கிறது. அந்நிதியைப் பங்கிடவும் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற இதே பதிவுதான் வேண்டும்.

மீதமிருப்பது ஒரு சந்தேகம்: இரண்டு மூன்று செயலிகளில் இரவு பகலாக ஓடி உண்மையிலேயே வரி வரம்பைத் தாண்டுபவர் தப்பிவிடமாட்டாரா? புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை தள்ளுபடி இருக்கும்போது, கடலூரில் மோட்டார் சைக்கிளில் ஓடி அதைத் தாண்டுபவரைக் கற்பனை செய்வதே கடினம். அப்படி ஒருவர் இருந்தாலும் சட்டம் அவருக்கு வேறு வழி வகுத்திருக்கிறது. 208ஆம் பிரிவு, ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டாதவர் முன்வரி செலுத்த வேண்டியதில்லை என்கிறது; எட்டுபவரோ 44-ஏடி முறையைத் தேர்ந்துகொண்டவராயின் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம்.