வெளி வளைவரைகளின் துணையலகு வெளி: வரலாறு

முப்பரிமாண வெளியில் குறிப்பிட்ட படி கொண்ட வளைவரைகள் அனைத்தையும் திரட்டி, ஒவ்வொரு வளைவரையையும் ஒரு புள்ளியாகக் கொண்டால் கிடைக்கும் புதிய வெளியே அவற்றின் துணையலகு வெளி எனப்படுகிறது. பள்ளிக் கணிதத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. தளத்தில் ஒரு வட்டத்தைக் குறிக்க மையத்திற்கு இரண்டு எண்கள், ஆரத்திற்கு ஓர் எண் ஆக மூன்று போதும். எனவே வட்டங்களின் துணையலகு வெளி முப்பரிமாணமுடையது.

முதலில் நேர்கோடு. அறையின் தரையையும் கூரையையும் துளைத்துச் செல்லும் கம்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் துளைக்கும் இடத்திற்கு இரண்டு எண்கள், கூரையில் இரண்டு. ஆகவே கோடுகளின் வெளி 4 பரிமாணமுடையது. ஜெர்மனியின் பான் நகரில் பணியாற்றிய யூலியஸ் ப்ளூக்கர் இக்கோடுகளை ஆறு ஆயத்தொலைவுகளால் குறித்தார். அவற்றின் விகிதம் மட்டுமே முக்கியம். அவை ஓர் இருபடிச் சமன்பாட்டையும் நிறைவு செய்ய வேண்டும். 6இலிருந்து அவ்விரண்டு கட்டுப்பாடுகள் போக 4. ப்ளூக்கர் 1868இல் காலமானபின், அவருடைய நூலின் இரண்டாம் பகுதியை மாணவர் ஃபெலிக்ஸ் கிளைன் முடித்து வெளியிட்டார்.

கூம்பு வெட்டுக்கு அது கிடக்கும் தளத்திற்கு 3, தளத்திற்குள் 5 என மொத்தம் 8. தளத்தில் அடங்காத முதல் வளைவரை முறுக்கு முப்படி. t, t², t³ என்பவற்றை ஆயத்தொலைவுகளாகக் கொண்ட வளைவரை இதற்கு மாதிரி. அதன் வெளி 12 பரிமாணமுடையது. இந்த எண்கள் வெறும் கணக்கு அல்ல. ஒரு கோட்டைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரு பரிமாணத்தைக் குறைக்கும். ஆதலால் பொதுவாக அமைந்த 4 கோடுகளைச் சந்திக்கும் கோடுகள் 2 மட்டுமே. 8 கோடுகளைச் சந்திக்கும் கூம்பு வெட்டுகள் 92. கலப்பெண் தீர்வுகளையும் சேர்த்த எண்ணிக்கை இது.

எல்லா வளைவரைகளுக்கும் பொருந்தும் ஒரு வழியை 1860இல் ஆர்தர் கேலி தந்தார். அப்போது அவர் லண்டனில் வழக்கறிஞர். வளைவரையை நேரடியாக விவரிக்காமல், அதைச் சந்திக்கும் கோடுகளை எல்லாம் ஒரே சமன்பாட்டால் குறிப்பது அவர் யுக்தி. 1937இல் சௌ, வான் டெர் வேர்டன் இருவரும் இதை உயர் பரிமாணங்களுக்கு விரித்தனர்.

1879இல் ஹெர்மன் ஷூபர்ட் எண்ணும் வடிவியல் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், ஹாம்பர்க் நகரப் பள்ளி ஆசிரியர். எங்களைப் போன்றவர்களுக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி. பொதுவாக அமைந்த 12 இருபடிப் பரப்புகளைத் தொடும் முறுக்கு முப்படிகள் எத்தனை என்று அவர் கேட்டார். விடை 58,19,53,97,83,680, அதாவது 5 லட்சத்து 81 ஆயிரம் கோடிக்கும் மேல். கணினி இல்லாத காலம். வளைவரை சிதைந்து போகும் 11 வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் வழியே கணக்கிட்டார். ஆனால் அந்த வகைகள் எந்த வெளியில் எப்படிப் பொருந்தியுள்ளன என்பதற்கு உறுதியான நிறுவல் இல்லை. விடை சரியா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஷூபர்ட்டின் முறைக்குத் திண்மையான அடித்தளம் அமைப்பதை 1900இல் ஹில்பர்ட் தம் புகழ்பெற்ற பட்டியலில் 15ஆம் கணக்காகச் சேர்த்தார்.

சிக்கல் எங்கே என்று பார்ப்போம். முறுக்கு முப்படி வடிவில் வளைத்த கம்பியைத் தரையை நோக்கி மெல்ல அமுக்குங்கள். அதன் நிழல் தன்னைத்தானே ஒரு கணுவில் வெட்டும் தள முப்படி. கணுவில் ஒரு இழை மேலும் மற்றொன்று கீழும் இருந்தன. உயரம் சுழியமானாலும் அந்த வேறுபாடு முற்றிலும் மறைவதில்லை. தளத்திற்கு வெளியே நோக்கும் 'பதிந்த புள்ளி'யாகக் கணுவில் ஒட்டிக்கொள்கிறது. முறுக்கு முப்படியின் ஹில்பர்ட் பல்லுறுப்புக்கோவை 3m+1, தள முப்படியினுடையது 3m. விடுபட்ட 1, அந்தப் புள்ளியின் கணக்கு.

1960-61இல் குரோத்தெண்டீக் உருவாக்கிய ஹில்பர்ட் ஸ்கீம் இத்தகைய பதிந்த புள்ளிகளையும் ஏற்கிறது. ஆனால் அழைக்காத விருந்தாளியும் உடன் வருகிறது: தள முப்படியும் அதை விட்டு எங்கோ தனியே நிற்கும் ஒரு புள்ளியும் சேர்ந்தாலும் 3m+1தான்! தளத்திற்கு 3, முப்படிக்கு 9, புள்ளிக்கு 3 என இவ்வினம் 15 பரிமாணமுடையது. நாம் தேடிவந்த 12ஐ விடப் பெரியது. படி கூடினால் நிலைமை இன்னும் மோசம். படி 14, இனவெண் 24 கொண்ட வளைவரைகளின் வெளியில் ஒரு கூறு முழுவதுமே ஒழுங்கற்றது என 1962இல் மம்ஃபோர்ட் காட்டினார். குறைந்த படிகளில் வெளியைத் துல்லியமாக அறிவது இதனால்தான் அருமையானது.

முப்படிக்கு அதை 1985இல் நார்வேயின் ராக்னி பியெனே, அமெரிக்காவின் மைக்கேல் ஷ்லெசிங்கர் சாதித்தனர். 12, 15 பரிமாணக் கூறுகள் இரண்டும் மடிப்போ கூர்முனையோ இல்லாமல் வழவழப்பானவை. 11 பரிமாண வெளி ஒன்றில் அவை செவ்வனே வெட்டிக்கொள்கின்றன. அந்த 11 மேலே கண்ட அமுக்கிய வளைவரைகள்தாம்: தளத்திற்கு 3, கணுவுள்ள முப்படிக்கு 8. 1987இல் கிளைமன், ஸ்ட்ரோம்மே, ஷம்போ மூவரும் ஷூபர்ட்டின் விடையைச் சரிபார்த்து வெளியிட்டனர். 108 ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

1991இல் இன்னொரு சோதனை வந்தது. நான்கு பரிமாண வீழ்ப்பு வெளியில் ஐம்படிச் சமன்பாட்டால் அமையும் முப்பரிமாண வடிவத்தின்மேல் எத்தனை முறுக்கு முப்படிகள் உள்ளன? கண்டெலாஸ் முதலிய இயற்பியலாளர்கள் இழைக் கோட்பாட்டின் வழியே 31,72,06,375 என்றனர். எல்லிங்ஸ்ருட், ஸ்ட்ரோம்மே என்ற நார்வே கணிதவியலாளர்கள் முப்படிகளின் துணையலகு வெளியைக் கொண்டு கணினியில் கணக்கிட்டு 2,68,25,49,425 என்றனர். இயற்பியலாளர்களின் முறைக்கு நிறுவல் இல்லை, கணிதவியலாளர்களிடம் இருந்தது. இருந்தும் சில மாதங்களில் கணினி நிரலில் பிழை இருப்பதை அவர்களே கண்டுபிடித்து அறிவித்தனர். திருத்திய விடை 31,72,06,375.